நான்கு லட்சம் திட்டுகள்

பால்டிக் கடலில்
எண்ணி மாளாத திட்டுகளுக்கு நடுவே
மஞ்சள் படகு ஓட்டிக்கொண்டிருந்தவள் குன்வோர்.
நாலைந்து கார், ஒரு பால் லாரி,
பள்ளிக்குப் போகும் மூன்று பிள்ளைகள்.

ஒரு நவம்பர் காலை
சர்க்கரை இறங்கியது அவளுக்கே தெரியவில்லை.
துறையைத் தொட்ட பின்னும் படகு
முட்டிக்கொண்டே இருந்தது,
கன்று மடியை முட்டுவதுபோல.
யாருக்கும் அடியில்லை.
உரிமத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

பதினோரு வயதில் வந்தது.
நாற்பது வருஷமாய் ஊசி.
முன்பெல்லாம் கை நடுங்கும், பிடரி வியர்க்கும்,
உடம்பு தானே மணி அடித்துச் சொல்லும்.
அடித்து அடித்து
அந்த மணியின் நாக்கு தேய்ந்துபோனது.

பிறகு காவல் ஹோல்கருடையது.
இரவு மூன்றுக்கு அவன் போன் அலறும்.
கட்டிலடியில் லிங்கன்பெர்ரிச் சாறு.
குடிக்க மாட்டாள், பல்லைக் கடிப்பாள்,
திட்டுவாள்.
அவன் அம்மாவை,
அவன் குறட்டையை,
அவன் விற்றுத் தொலைத்த வலைகளை,
அவர்களுக்குத் தங்காத பிள்ளையை இழுத்து.

விடிந்தால் அவளுக்கு ஒன்றும் நினைவிருக்காது.
அவனுக்கு இருக்கும்.

ஏப்ரலில் ஹெல்சிங்கியிலிருந்து அழைத்தார்கள்.
எங்கோ ஒருவர் இறந்திருந்தார்.
ஆணா, பெண்ணா? சொல்வதற்கில்லை.
அவருடைய கணையத்தைக் கடலுக்கு அக்கரையில்
இரவெல்லாம் கரைத்து, அலசி, பிரித்து
எடுத்தது இவ்வளவுதான்:
ஒரு தேக்கரண்டி வண்டல்.

"நான்கு லட்சம் திட்டுகள்" என்றாள் மருத்துவர் ரௌனி.
"திட்டு என்றா சொல்கிறீர்கள்?"
"ஆமாம். பார்த்தவர்களுக்கு
சின்னச் சின்னத் தீவுபோல் தெரிந்திருக்கிறது."
குன்வோர் சிரித்தாள்.
"அப்படியென்றால் அங்கேயும்
யாராவது படகு ஓட்ட வேண்டுமே."

பழைய இடத்தில் குடிவைப்பதில்லையாம்.
அந்த வீட்டுக்குச் சொந்தக் காவலாளிகளே வைத்த தீ
இன்னும் கனன்றுகொண்டிருக்கிறது.
கல்லீரலில் இடம் பார்த்திருந்தார்கள்.
பை தொங்கியது.
அடியில் தங்கிவிடாமல்
ஒரு செவிலி அதை மெல்ல உருட்டிக்கொண்டே நின்றாள்,
தூங்கும் குழந்தையைப் புரட்டிப் படுக்கவைப்பதுபோல.
ஹோல்கர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
தொப்பியைப் பிழிந்துகொண்டிருந்தான்.

எல்லாம் சரியாகிவிடவில்லை.
வந்தவர்களை விரட்டாதிருக்க
காலையும் இரவும் மாத்திரை.
அதனால் வாயெல்லாம் புண்.
மீன் கழுவக் கையுறை.
ஊசியும் முழுதாக நிற்கவில்லை;
முப்பத்தெட்டு ஆறானது.
இன்னொரு பை வேண்டியிருக்கலாம்,
அதாவது
இன்னொருவர்.

அதை அவர்கள் வீட்டில் சத்தமாகச் சொல்வதில்லை.

ஜூனில் ஒரு நாள்
ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் கத்தினாள்.
"ஹோல்கர்! இங்கே வா! நடுங்குது!"
மாவு ஒட்டிய இரண்டு கையையும்
பரிசு வாங்கியவள்போல் நீட்டினாள்.
வியர்வையைத் துடைக்க விடவில்லை.
மணிக்கு நாக்கு முளைத்திருந்தது.
சாற்றைத் தானே ஊற்றி, தானே குடித்து,
பிறகு உட்கார்ந்து அழுதாள்.

போன் இப்போது இரவில் அலறுவதில்லை.
ஹோல்கருக்குத்தான் தூக்கம் பிடிபடவில்லை.
மூன்று மணி.
வடக்கின் கோடை, சன்னலில் பால் வெளிச்சம்.
அவள் மூச்சை எண்ணினான்.
எண்ணிக்கை தப்பியது.
மீண்டும் எண்ணினான்.
பொறுக்காமல்
அவள் விரலைப் பிடித்து ஊசியால் குத்திவிட்டான்.

ஐந்து புள்ளி எட்டு.

எழுந்து உட்கார்ந்து திட்டினாள்:
அவன் அம்மாவை,
அவன் குறட்டையை,
அந்த வலைகளை,
போதாக்குறைக்கு அவன் புதுக் கண்ணாடியை.
பிள்ளையை மட்டும் இழுக்கவில்லை.

அவன் கேட்டுக்கொண்டே
தூங்கிப்போனான்.